தரை தெரிய வேண்டும்

எங்கள் ஊர் நீச்சல்குளம்
வருடத்தில் பதினொரு வாரம் திறந்திருக்கும்.
மற்ற நாட்களில் பனிதான் அதில் குளிக்கும்.
சஸ்காட்சவானில் கோடை என்பது
இரவல் வாங்கிய சைக்கிள்,
திருப்பிக் கேட்பதற்குள் ஓட்டிவிட வேண்டும்.

குளக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர்.
கடைத்தெருவில் ஹார்டுவேர் கடையும் என்னுடையதுதான்.
அதாவது
ஆணி, பெயின்ட், பனி தள்ளும் பலகை,
ஜூன் பிறந்ததும் வாசலில் கட்டித் தொங்கவிட்ட
காற்றடைத்த முதலை, அன்னம், பீட்சாத் துண்டு
எல்லாம் விற்பவன் நான்.
அவற்றில் பாதியைக் குளத்துக்குள் விடாதே என்று
பலகை எழுதியவனும் நான்.
பெயின்ட் என் கடையதுதான்.
கமிட்டிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.

பழைய பலகையில் விதிகள் ஐந்தே.
ஓடாதே.
கண்ணாடிப் பாட்டில் கொண்டுவராதே.
தண்ணீர்த் துப்பாக்கியால் முகத்தில் அடிக்காதே.
வாயில் சூயிங்கத்தோடு குதிக்காதே.
ஐந்தாவதை யார் எழுதினார்களோ:
நாய்களுக்கு செப்டம்பர் முதல் ஞாயிறு மட்டும்.

போன ஜூலை, ஒரு சனிக்கிழமை,
முப்பத்து நான்கு டிகிரி.
முதலைமேல் நாலு பையன்கள்.
எட்டடி முதலை, நாற்பத்தொன்பது டாலர்,
ரசீது நான் கிழித்தது.
அதன் அடியில்
ஹலீனா ஹ்ரின்கிவ், ஏழு வயது,
மூழ்கிய வளையத்தை எடுக்கப் போனவள்
மேலே வந்தாள்.
மேலே பச்சை.
நகர்ந்தாள். அங்கும் பச்சை.
விளிம்பு எந்தப் பக்கம் என்று
முதலை சொல்லவில்லை.

காவல் நாற்காலியில் கெண்ட்ரா பாப்டிஸ்ட்.
பத்தொன்பது வயது.
நிமிடத்துக்கு ஒருமுறை, உதடு அசையாமல்,
தலைகளை எண்ணுவாள்.
இருபத்தாறு இருக்க வேண்டிய இடத்தில்
இருபத்தைந்து.
விசில்கூட ஊதவில்லை. குதித்தாள்.

பதினொரு விநாடி என்றார்கள் பிறகு.
பதினாலு என்றாள் அம்மா.
ஹலீனா இருமினாள், வாந்தியெடுத்தாள்,
வளையத்தை மட்டும் கையிலிருந்து விடவில்லை.
முதலை பல்லிளித்தபடியே
ஆழப் பக்கம் மிதந்து போனது.

கமிட்டிக் கூட்டம் மூன்று மணி நேரம்.
காபி இரண்டு முறை தீர்ந்தது.
நுரைக்குழல் கூடுமா?
கூடும், அதால் அடித்துக்கொள்ளாதவரை.
கைகளில் மாட்டும் காற்றுப்பைகள்?
"அது பிள்ளைக்கு நீந்தத் தெரியும் என்று
பெற்றவர்களிடம் பொய் சொல்லும்" என்றாள் கெண்ட்ரா.
கார்னி ஃப்ரீசன் எழுந்தார்:
"டிராக்டர் டியூபில் மிதந்து வளர்ந்தவர்கள் நாங்கள்.
செத்தா போனோம்?"
யாரும் பதில் சொல்லவில்லை.
செத்தவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை.

எத்தனை அடி, எத்தனை பேர், எந்தக் கிழமை என்று
விதி அனுமார் வாலாக நீண்டது.
கெண்ட்ராவுக்குக் காபி ஆறிவிட்டது.
"என் நாற்காலியிலிருந்து பார்த்தால்
தரை தெரிய வேண்டும்.
அதை மட்டும் எழுதுங்கள்."

எழுதினேன். இரண்டு கோட்டிங்.
கடைக்கு வந்து ஏணி போட்டு
அன்னத்தை இறக்கினேன், பீட்சாவை இறக்கினேன்.
முதலைகள் மூன்று மிச்சம்.
மொத்த விலைக்கு எடுத்த சரக்கு.
இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்:
இன்னும் ஒரு வாரம் அவை தொங்கின.
ஏரிக்குப் போகிறவர்கள் வாங்கட்டும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
இரண்டு போயின.
ஏரியில் நாற்காலி கிடையாது.
எண்ணுகிறவர் யாரும் கிடையாது.
மூன்றாவதை ஆணியால் குத்தினேன்.
காற்று போக வெகுநேரம் ஆனது.

இந்த ஜூனில் கடை மணி அடித்தது.
ஹலீனா. முன்பல் இரண்டும் புதிது.
இடுப்பில் மாட்டும் வளையம் ஒன்றை எடுத்து
ஊதித் தரச் சொன்னாள்.
ஊதினேன், தலை கிறுகிறுக்க.
கல்லாவில் விரிந்து கிடந்த செய்தித்தாள்மேல்
அதை வைத்து அழுத்தினாள்.
நீலப் பிளாஸ்டிக் வழியே குனிந்து
கனோலா விலை,
நாளைய வானிலை,
யாரோ ஒருவரின் மரண அறிவிப்பு,
எழுத்தெழுத்தாக.

"படிக்க முடிகிறது" என்றாள்.

வரி தனி என்றேன்.
அவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.